கொலைகாரன் யாரென்று உடனே எழுதவும்

சேசு மரி சூசை துணை

எழுவைதீவு,
20.08.2003, புதன்கிழமை.

பாரிஸ் நகரத்தில் ஆனந்தரூபன் இரசிகர் மன்றத்தின் ஐரோப்பியத் தலைவராக விளங்கும் அன்புள்ள மச்சான் பத்திநாதருக்கு, உமது தங்கையின் கணவன் சவிரிமுத்து எழுதிக்கொள்வது.

தேவகிருபையால் இங்கே நான் சுகம். உமது தங்கை மேரிஜோசப்பினும் சுகம், ஆனால் மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை. மூத்தவள் அன்ரனிட்டா சுகமில்லை, அழுதுகொண்டிருக்கிறாள். இளையவள் நிரோஜினி நல்ல சுகம், அவளுக்கு இதெல்லாம் வேடிக்கை. உமது சுகத்தையும் உமது மனைவி மக்கள் சுகத்தையும் அறிய ஆவல். அதைவிடப் பெரிய ஆவல் ஒன்றும் உண்டு. 'குன்னூர்க் கடிகாரம்' படத்தில் அந்தத் தேயிலைத் தோட்ட முதலாளியைக் கொன்றது யார்? மச்சான், இது விளையாட்டுக் கேள்வி இல்லை. உமது மருமகளுடைய கலியாணம் இதிலேதான் தொங்குகிறது. எப்படி என்று ஒழுங்காகச் சொல்கிறேன்.

நீர் ஆனி மாதம் எழுதிய கடிதம் கிடைத்தது. ஆனந்தரூபனின் பேர்போன படங்களைப் பற்றி எல்லாரும் எழுதித் தள்ளிவிட்டார்கள், ஒருவரும் கவனிக்காத அவருடைய மர்மப் படங்களையும் குடும்பப் படங்களையும் பற்றி நான் இங்குள்ள மாதப் பத்திரிகையில் தொடர் எழுதப் போகிறேன், 1989இல் வெளிநாடு வரும்போது உங்கள் வீட்டு ரங்குப்பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்த ஆறு வீடியோக் கசற்றும் உலகத்தில் வேறு எவரிடமும் இல்லை, ஆகையால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கதையையும், முக்கியமாக முடிவையும், விபரமாக எழுதியனுப்பும் என்று கேட்டிருந்தீர். இருபத்தாறு வருடம் கடற்றொழிலாளர் சங்கத்துக் காரியதரிசியாக இருந்து அறிக்கை எழுதிய கை இது. ஓய்வுபெற்ற பிறகு ஒருவரும் என்னிடம் அறிக்கை கேட்டதில்லை. ஆகவே சந்தோசத்தோடு ஏற்றுக்கொண்டேன். அந்தச் சந்தோசத்துக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

கசற்றுகளில் நாலு பத்திரமாகத்தான் இருந்தன, மற்ற இரண்டையும் பற்றிப் பிறகு சொல்கிறேன். இடம்பெயர்ந்து ஓடியபோது உமது தங்கை கோழிகளை விட்டுவிட்டு அந்த ரங்குப்பெட்டியைத்தான் தூக்கினாள். எங்களிடம் ரிவியோ வீடியோ டெக்கோ இல்லை. ஊர்காவற்துறையிலிருந்து ரிவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் தன்னுடைய வள்ளத்தில் ஏற்றிவந்து தந்தவர் யாக்கோப்பர். அவரை உமக்குத் தெரியும், எங்கள் ஊர்ச் சம்மாட்டி, மூன்று வள்ளம் வைத்திருப்பவர். உமக்குத் தெரியாத விஷயம், அவருடைய மகன் டிலோனுக்குத்தான் எங்கள் அன்ரனிட்டாவைப் பேசி முடித்திருக்கிறோம். செப்ரெம்பர் 27 கலியாணம். நல்ல பொடியன், கடலுக்குப் போவான், குடிக்க மாட்டான். துறையில் நின்ற கடற்படைக்காரன் ஒவ்வொரு கசற்றையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, தனக்கும் ஆனந்தரூபனைப் பிடிக்கும் என்று சைகையால் காட்டி விட்டுவிட்டான். இவ்வளவு சுபமாகத் தொடங்கிய காரியம் இது.

தனியே இருந்து படம் பார்த்தால் ஊர் கதைக்கும் என்று, ஞாயிறு பூசை முடிந்த கையோடு சங்க மண்டபத்தில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். முதல் ஞாயிறு 'குன்னூர்க் கடிகாரம்'. நீர் எழுதியது முற்றிலும் சரி, இதில் ஆனந்தரூபன் வேறு ஆள். மற்றப் படங்களில் வசனம் பேசுவதற்கு முன்பு தலையை ஒருமுறை உதறுவாரே, இதில் உதறவே இல்லை. துப்பறிகிற இடங்களில் நெற்றியில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறார், எங்களுக்கு நெஞ்சிடி. கடைசியில் பங்களாவில் எல்லாரையும் வட்டமாகக் கதிரையில் இருத்திவிட்டு, 'முதலாளியைக் கொன்றவன் இப்போது அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவான்' என்கிறார். கதவு மெல்ல அசைகிறது. மண்டபத்தில் இருமல்கூட இல்லை. திரையில் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. கதவைத் திறந்துகொண்டு கேக் தட்டத்தோடு உள்ளே வந்தவர் யாக்கோப்பர்.

அது எங்கள் நிரோஜினியின் முதல் நன்மை விழா, 1997இல் எடுத்தது. சனம் வயிறு நோகச் சிரித்தது. யாக்கோப்பரும் முன் கதிரையில் இருந்து சிரித்தார். நான் வீட்டுக்கு வந்து உமது தங்கையை விசாரித்தேன். அந்த நாளில் வெறும் கசற்று இந்தப் பக்கம் எங்கே கிடைத்தது, கசற்றைக் கொண்டுவந்தால் எடுத்துத் தருகிறேன் என்று கமராக்காரன் சொன்னான், ரங்குப்பெட்டிக்குள் ஆறு இருந்தது, எடுத்தேன் என்றாள். அண்ணனின் படத்தை அழித்தாயே என்று கேட்டதற்கு அவள் சொன்ன நியாயத்தை அப்படியே எழுதுகிறேன்: "நான் என்ன முட்டாளே? கடைசிப் பாட்டு முடியிற இடம்வரைக்கும் ஓடவிட்டுப் பாத்து, அதுக்குப் பிறகுதான் எடுக்கச் சொன்னனான். பாட்டெல்லாம் முடிஞ்ச பிறகு அதிலை என்ன கிடக்கு? ஒருத்தன் ஓடுவான், ஒருத்தன் துரத்துவான்." ஒரு பாட்டுக்கூடப் பழுதாகவில்லை, மச்சான். அதை மட்டும் உமக்கு உறுதியாகச் சொல்லலாம்.

யாக்கோப்பர் எப்படி முதல் முகமாக வந்தார் என்பதும் விளங்கிவிட்டது. கமராக்காரனை ஊர்காவற்துறையிலிருந்து ஏற்றி இறக்கியது அவருடைய வள்ளம். அந்த நன்றிக்கு எந்த வீட்டு விசேஷமானாலும் கமராவை முதலில் யாக்கோப்பரின் முகத்தில்தான் திறப்பானாம். பிறகுதான் பிள்ளை, பூசை வைக்கிற சுவாமி, மற்றவர்கள் எல்லாம். ஆகவே உமது தங்கை முடிவை அழித்த ஒவ்வொரு படத்திலும், முடிவு வரவேண்டிய இடத்தில் யாக்கோப்பர் வருகிறார்.

இதைத் தெரிந்துகொண்டு அன்றைக்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். அறிக்கை அரைகுறையாக நிற்கிறதே என்ற ஆசைதான் என்னைக் கெடுத்தது. இரண்டாம் ஞாயிறு 'தபால் வராத வீடு' போட்டோம். குடும்பப் படம். வெளியூர் போன மகனுடைய கடிதத்துக்காகத் தகப்பன் இருபது வருடம் படலையடியில் நிற்கிறார். ஆனந்தரூபன்தான் தகப்பன், முப்பத்திரண்டு வயதில் நரை முடி வைத்து நடித்திருக்கிறார். இந்தப் படம் ஏன் ஓடவில்லை என்று எனக்கு விளங்கவில்லை, நான் அழுதேன், வெட்கமில்லாமல் எழுதுகிறேன். கடைசியில் படலை திறக்கிற சத்தம். 'மகனே' என்று அவர் கையை நீட்டுகிறார். யாக்கோப்பர் வந்தார், எங்கள் புது வள்ளத்தைச் சுவாமி மந்திரித்த அன்று தேங்காயோடு. ஆனாலும் சனம் சிரிக்கவில்லை, அழுகையை நிறுத்த ஏலாமல் யாக்கோப்பருக்காகவே அழுதது. அன்று பூசைக்கு வந்த பெண்கள் எல்லாரும் அவருடைய கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். மனுசன் உள்ளுக்குள் மகிழ்ந்துபோய், வரும் ஞாயிறும் தன் செலவில் ஜெனரேற்றருக்கு எண்ணெய் விடுகிறேன் என்றார்.

மூன்றாம் ஞாயிறு பூசையில் சுவாமி எங்கள் பிள்ளைகளின் கலியாணத்தை அறிவிக்கும் மூன்று ஓலைகளில் முதல் ஓலையை வாசித்தார். அதன்பிறகு 'வக்கீலின் குடை'. நீதிபதி, 'குற்றவாளி இந்த மண்டபத்துக்குள்தான் இருக்கிறான், அவனாகவே இப்போது எழுந்து நிற்பான்' என்கிறார். யாக்கோப்பர் எழுந்து நின்றார், உறுதிபூசுதல் விருந்தில், வாயைத் துடைத்துக்கொண்டு. இந்த முறை சிரிப்புக் குறைவு. பின்வரிசையில் யாரோ, இரண்டாம் தரமும் இவர்தானே என்றது என் காதில் விழுந்தது. போன ஞாயிறு இரண்டாம் ஓலை, பிறகு 'கருங்கல் பாலம்'. அதில் வைத்தியர் ஒருவர் பிரேதத்தைப் பார்த்துவிட்டு, கொலை செய்தவன் இடக்கையன் என்று அடித்துச் சொல்கிறார். ஆனந்தரூபன் நெற்றியிலிருந்து விரலை எடுக்கிறார். அடுத்த நிமிடம் யாக்கோப்பர் இடது கையால் மெழுகுதிரி கொளுத்துகிறார். அவர் பிறந்ததிலிருந்து இடக்கையன் என்பது உமக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். மண்டபம் கதையில்லாமல் கலைந்தது.

இனித்தான் இடி விழுந்தது. ஓலை வாசித்தால் கடைசியில் சுவாமி என்ன சொல்வார் என்று நீர் மறந்திருக்க மாட்டீர்: இந்தக் கலியாணத்துக்கு ஏதும் தடை தெரிந்தவர்கள் வந்து அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறீர்கள். எங்களுக்குப் பக்கத்து வளவு சூசையம்மா தன் சீவியத்தில் ஒரு கடமையையும் தவறவிட்டவளில்லை. மூன்று படத்திலும் கொலை செய்தவர் மணமகனுடைய தகப்பன், தெரிந்தும் சொல்லாமல் விட்டால் தனக்குப் பாவம் என்று சுவாமியின் அறைக்குப் போய் அறிவித்துவிட்டாள். படத்தில் நடந்தது வேறு, கசற்றில் நடந்தது வேறு என்று சுவாமி எவ்வளவோ விளங்கப்படுத்தினாராம். அவள் விடவில்லை. ஓலைக்குத் தடை என்று எவர் வந்து சொன்னாலும் புத்தகத்தில் பதிய வேண்டும் என்பது ஒழுங்காம், பதிந்துவிட்டார். பதிந்ததற்குத் தீர்வும் பதிய வேண்டுமாம். அதுவரை மூன்றாம் ஓலை நிற்கிறது.

யாக்கோப்பர் திங்கள் காலமை வீட்டுக்கு வந்தார். கதிரை கொடுத்தேன், இருக்கவில்லை. அவருடைய வள்ளத்துக்குப் போகிறவர்கள் இப்போது அவருக்கு முதுகு காட்டி நின்று வலை இழுக்கத் தயங்குகிறார்களாம். ஞானோபதேச வகுப்பில் ஒரு பிள்ளை, யூதாஸ் பெரிய பாவியா யாக்கோப்பர் பெரிய பாவியா என்று கேட்டதாம். நான் எழுந்து, வாற ஞாயிறு பூசை முடிய நானே எல்லாருக்கும் முன்னால் நீங்கள் குற்றமற்றவர் என்று சொல்கிறேன் என்றேன். அவர் தலையாட்டவில்லை.

"நான் இல்லை எண்டு சொன்னால் காணாது, சவிரி. அப்ப ஆர் எண்டு கேப்பினம். நீர்தானே படம் போட்டனீர், நீரே ஆளைக் காட்டும். ஆளைக் காட்டினால் கலியாணம்."

இதற்குள் டிலோன் தகப்பனைச் சமாதானப்படுத்த வந்து, தகப்பன்தான் செய்திருந்தாலும் தனக்கு அன்ரனிட்டாவைத்தான் கட்டவேண்டும் என்று சொல்லிவிட்டான். பொடியன் நல்லெண்ணத்தில் சொன்னது. யாக்கோப்பர் அன்றிலிருந்து மகனோடும் கதைப்பதில்லை.

அவர்கள் போனபிறகு அன்ரனிட்டா குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். "அப்பா, உங்களுக்கு என்ரை கலியாணத்தைவிட ஆனந்தரூபன்ரை முடிவு பெரிசாப் போச்சு." அவ்வளவுதான் சொன்னாள். மச்சான், சங்கத்தில் எத்தனையோ கண்டனத் தீர்மானங்களைக் கேட்டவன் நான். இது என்னைக் குத்திவிட்டது. அவள் சொன்னதில் பிழை இல்லை. முதல் ஞாயிறோடு நிறுத்தியிருக்கலாம் என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.

அந்தப் படங்களின் முடிவு எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று நீர் கேட்கலாம். நான் அவற்றையெல்லாம் யாழ்ப்பாணத்தில் தியேட்டரில் பார்த்தவன்தான். ஆனால் பின்னேரப் படம் முடியும்வரை இருந்தால் ஊர்காவற்துறையில் கடைசி வள்ளம் போய்விடும். ஆகவே கடைசிப் பாட்டு முடிந்ததும் எழுந்து பஸ்ஸுக்கு ஓடுவோம். இந்தத் தீவில் எவரைக் கேட்டாலும் இதே கதைதான். நேற்று வீடு வீடாகக் கேட்டேன். எந்தப் படத்திலும் கொலைகாரனைப் பிடித்ததைப் பார்த்த ஒருவர் எங்கள் ஊரில் இல்லை. கசற்று வைத்திருந்து கடைசிவரை பார்த்தவர் நீர் ஒருவர்தான்.

மிச்சமுள்ள இரண்டு கசற்றையும் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தாவதில்தான் 1999இல் உமது அம்மாவின், எனது மாமியின், செத்தவீடு எடுத்து உமக்கு அனுப்பினோம். அதில் முதல் ஒன்றரை மணித்தியாலம் ஆனந்தரூபன் ஊட்டியில் பாடுவார். அதைப் பற்றி நீர் இதுவரை ஒன்றும் கேட்டு எழுதவில்லை. நீர் அதைப் போட்டே பார்க்கவில்லை என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அதற்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், மச்சான். என்னாலும் ஏலாமல் இருந்திருக்கும். ஆறாவது 'மாடிப்படியில் ஒருத்தி', அதைக் காணவில்லை. தான் அதைத் தொடவே இல்லை என்று உமது தங்கை சத்தியம் செய்கிறாள். காணாமல் போனதைக் கண்டெடுத்துத் தருகிற அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன்.

நேற்று ஊர்காவற்துறைக்குப் போய்க் கொமினிக்கேசனில் இருந்து உமக்குப் போன் எடுத்தேன். ஒரு பெண்பிள்ளை பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னாள், பிறகு ஒரு சத்தம் கேட்டது. பத்திநாதரிடம் கொடுங்கோ பிள்ளை, கொலைகாரனின் பெயர் மட்டும் போதும் என்று மூன்று தரம் சொன்னேன். பதில் இல்லை. அவள் யாரென்று நான் கேட்கவில்லை. மேரிஜோசப்பினுக்கும் சொல்லவில்லை.

ஆகையால் இந்தக் கடிதம் கண்டதும், 'குன்னூர்க் கடிகாரம்', 'வக்கீலின் குடை', 'கருங்கல் பாலம்' ஆகிய மூன்று படங்களிலும் கொலை செய்தது யாரென்று மன்றத்தின் கடிதத்தாளில் எழுதி, முத்திரை குத்தி, தலைவர் என்று கையொப்பமிட்டு அனுப்பவும். அதைச் சுவாமி பூசையில் வாசிப்பார். மறந்திருந்தாலும் யோசித்து எழுதும். யோசித்தும் வராவிட்டால் யாரையாவது எழுதும். யாக்கோப்பராக இல்லாதவரை யாரென்றாலும் எங்களுக்குச் சம்மதம்.

உமக்கும் குடும்பத்துக்கும் மாதாவின் காவல் என்றும் இருப்பதாக. பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீரும் முத்தங்களும். மன்ற அங்கத்தவர் ஏழு பேருக்கும் எனது வணக்கம்.

இப்படிக்கு,
அறிக்கை முடிக்க இயலாமல் நிற்கும் உமது மச்சான்,
வ. சவிரிமுத்து

பின்குறிப்பு, 29.09.2003:

இக்கடிதத்தை ஒட்டிய அன்றே சோளகக் காற்று எழும்பி எட்டு நாள் வள்ளம் ஓடவில்லை. அதற்குள் கடிதத்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. ஆனாலும் இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை.

ஆறாவது கசற்று கிடைத்துவிட்டது. சூசையம்மா வீட்டில் அந்தோனியார் சுரூபம் உயரம் காணாதென்று அதற்குக் கீழே வைக்கப்பட்டிருந்தது. எப்போதோ எங்கள் வீட்டில் இரவல் வாங்கியதாம். அந்த ஞாயிறே மண்டபத்தில் போட்டோம். சுவாமியும் வந்தார், யாக்கோப்பரை முன் கதிரையில் இருத்தினோம். 'மாடிப்படியில் ஒருத்தி' உண்மையிலேயே நல்ல படம், உமது தொடரில் இதை முதலாவதாக எழுதலாம். கடைசியில் இருட்டு. ஆனந்தரூபன் கையில் ஒரு ரோச் லைற். 'கொலைகாரன் நாளைக்கு நாட்டை விட்டு ஓடப் போகிறான், அதற்குமுன் அவன் முகத்தைப் பாருங்கள்' என்று சொல்லி லைற்றைத் திருப்புகிறார். வெள்ளைக் கோடு ஓடியது. நீர் வந்தீர்.

புதுச் சேட்டும் கழுத்தில் மாலையுமாக, 1989இல், நீர் வெளிநாடு போவதற்கு முதல்நாள். அப்போது யாக்கோப்பரிடம் வள்ளம் இல்லை, ஆகவே கமராக்காரன் உமது முகத்தில்தான் திறந்திருக்கிறான். மேரிஜோசப்பின் சத்தியம் செய்தது சரிதான். கமராக்காரன் கசற்று இல்லையென்று சொல்ல நீரே உமது கையால் எடுத்துக் கொடுத்ததை ஐந்து பேர் இப்போது ஞாபகப்படுத்துகிறார்கள். யாக்கோப்பர் எழுந்து நின்று மண்டபத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சூசையம்மா நேரே சுவாமியிடம் போய்ப் பழைய அறிவித்தலை வாபஸ் வாங்கிப் புதிய ஒன்றைக் கொடுத்தாள். சுவாமி பெருமூச்சு விட்டு, யாக்கோப்பரின் பெயரை வெட்டி உமது பெயரை எழுதி, பக்கத்தில் 'நபர் நாட்டில் இல்லை' என்று பதிந்தார். மூன்றாம் ஓலை வாசித்தாயிற்று. முந்தநாள் கலியாணம் மிகச் சிறப்பாக நடந்தது.

இன்னொன்று. உமக்குப் பிறகு அந்தக் கசற்றில் மாமி வருகிறா. உமது கொலரை இழுத்து விட்டு, "போய்ச் சேந்த உடனை கடிதம் போடு ராசா" என்கிறா. நாலு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டோம். மேரிஜோசப்பின் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள், ஜெனரேற்றரில் எண்ணெய் முடியும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. கலியாணத்துக்கு வந்த கமராக்காரன் கசற்று கேட்டபோது மிஞ்சியது அது ஒன்றுதான். உமது தங்கை தானே கசற்றைத் தொடக்கத்துக்குச் சுற்றி, பாட்டுகள் இருந்த பகுதியைக் காட்டி, இதை அழித்து எடு, கடைசிப் பகுதியைத் தொடாதே என்றாள். ஆறு பாட்டும் போய்விட்டது. அம்மா இருக்கிறா.

அந்தக் கசற்றை இத்துடன் அனுப்புகிறோம். இதையாவது போட்டுப் பாரும். ஆகவே கொலைகாரன் யாரென்று எழுத வேண்டாம். நத்தார்ப் பண்டிகைக்கு ஒருமுறை வந்துபோம், யாக்கோப்பர் தன் வள்ளத்தில் தானே வந்து ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். துறையில் ஊர் முழுக்க உம்மைப் பார்க்க நிற்கும். யார் என்ன கேட்டாலும் நீர் ஒன்றையும் மறுக்க வேண்டாம். அன்ரனிட்டா இப்போதுதான் சிரிக்கிறாள்.